சீல் மாற்றியும் ஒயில் ஒழுகுகிறதா? முதலில் மேல் மூடியைப் பாருங்கள்

சம்மாந்துறையில் அரிசி மில் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நெல் ஏற்றும் எலிவேட்டரின் வேர்ம் கியர்பாக்ஸ் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. இந்தப் போகத்தில் மட்டும் மூன்று தடவை ஒயில் சீல் மாற்றிவிட்டேன், இன்னும் ஒழுகுகிறது. மோட்டர் 3 குதிரைவலு. பழையதையே திருத்துவதா, கொழும்பில் ரீகண்டிஷன் ஒன்று வாங்குவதா?"

வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒரே இடத்தில் மூன்று சீல் தோற்றால் சீலைக் குறை சொல்ல முடியாது.

கியர்பாக்ஸின் மேல்பக்கத்தில் துளையுள்ள ஒரு சிறிய மூடி இருக்கும். பிரீதர் என்பார்கள். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அது வெளியே போக அந்தத் துளைதான் வழி. மில்லில் பறக்கும் உமித்தூசும் தவிடும் ஒயிலோடு கலந்து அதில் களியாக இறுகிவிடும். வழி அடைபட்ட காற்று, சாஃப்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், ஒயிலும் கூடவே வரும். நான் பார்த்த ஒரு மில்லில் அந்த மூடிக்கு மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். சோதிப்பது சுலபம். நன்றாக ஓடிச் சூடானதும் மெயின் சுவிட்சை நிறுத்தி, கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு, முகத்தை விலக்கி வைத்து அந்த மூடியை மெல்லத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று வந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தித் திரும்பப் பூட்டினால் போதும். கியர்பாக்ஸ் பொருத்தியிருக்கும் நிலையில் பிரீதர் உச்சியில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். எலிவேட்டரின் தலையில் சரித்தோ திருப்பியோ பூட்டும்போது அது பக்கவாட்டுக்கு வந்துவிடுவதுண்டு.

அடுத்தது சூடு. வேர்ம் கியரில் திருகாணி போன்ற வேர்ம்தான் வெண்கலச் சக்கரத்தைச் சுற்றும். பல்லோடு பல் உருளாது, வழுக்கித்தான் ஓடும். அதனால் 70, 80 பாகை செல்சியஸ் வரை சூடாவது வழக்கம். 60 பாகையிலேயே கையை எடுத்துவிடுவோம் என்பதால் கையை நம்பாதீர்கள், லேசர் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 95ஐத் தாண்டினால் ஒயிலைத்தான் சந்தேகிப்பேன். நம் பக்கத்து மில்களில் வாகனத்துக்கு ஊற்றும் 90ஆம் நம்பர் கியர் ஒயிலையே இதற்கும் ஊற்றுகிறார்கள். இரண்டு வகையில் பிழை. ஒன்று, அது இதற்குப் போதிய தடிப்பு இல்லை. இன்னொன்று, ஜீஎல்-5 என்று எழுதியிருக்கும் ஒயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலச் சக்கரத்தை அரிக்கும். கியர்பாக்ஸின் தகட்டில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், வேர்ம் கியருக்கென்றே விற்கும் ஐஎஸ்ஓ விஜி 460 (தடிப்பைக் காட்டும் எண்) கனிம ஒயில் கேளுங்கள். மட்டம் காட்டும் பிளக் வரை மட்டும் ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் குளிராது, கடைந்து கடைந்து இன்னும் சூடாகும்.

பழைய ஒயிலை வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பொன்நிறத் தூள் கொஞ்சம் மினுங்கினால் பயமில்லை. செதில் செதிலாக வந்தால் வெண்கலச் சக்கரம் தேய்கிறது.

சீல் உட்காரும் இடத்தில் சாஃப்டை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் நிற்காது. லேத் பட்டறையில் மெல்லிய சிலீவ் போடலாம், இல்லாவிட்டால் உதடு பள்ளத்தில் படாதபடி சீலை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்திப் பூட்டலாம்.

சரி, திருத்துவதா வாங்குவதா? பல் முனை கத்திபோல் கூராகாமல், பேரிங்கில் ஆட்டம் மட்டும் இருந்தால் திருத்துங்கள். பல் தேய்ந்திருந்தால் வேர்மையும் சக்கரத்தையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். சக்கரத்தை உள்ளூரில் வார்ப்பிப்பதானால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பித்தளை வேறு, வெண்கலம் வேறு. இந்த வேலைக்கு 10 முதல் 12 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம் வேண்டும். பழைய குழாய்ப் பித்தளையை உருக்கி வார்த்தது சீக்கிரமே தேய்ந்துவிடும்.

வாங்குவதென்றால் குதிரைவலுவை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். 3 குதிரைவலு என்பது 2.2 கிலோவாட். மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று, விகிதம் 20 (மோட்டர் 20 சுற்றுச் சுற்றினால் வெளிச் சாஃப்ட் ஒரு சுற்று) என்று வைத்தால் வெளிச் சாஃப்ட் நிமிடத்துக்கு 72 சுற்று. இந்தக் கணக்குக்கு என்றும் மாறாத எண்ணான 9550ஐ 2.2ஆல் பெருக்கி 72ஆல் வகுத்தால் ஏறத்தாழ 292 வரும். உராய்வில் போவதைக் கழித்தால் 240 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்குவிசை. அறுவடைக் காலத்தில் நாள் முழுக்க ஓட்டுவீர்கள், கரண்ட் போய் வந்தால் அடியில் நெல் நிறைந்த நிலையிலேயே எலிவேட்டரை இழுக்க வேண்டியிருக்கும். ஆகவே அதை 1.4ஆல் பெருக்கி, 340 நியூட்டன் மீட்டர் தாங்கும் பெட்டியாகத் தேடுங்கள். விகிதம், சாஃப்டின் விட்டம், சுற்றும் திசை மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ரீகண்டிஷன் பெட்டியின் மூடியைத் திறந்து பல்லைக் காட்டாத கடையில் நான் வாங்கமாட்டேன். கரண்ட் போனதும் நிறைந்த வாளிகள் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் பூட்டு எலிவேட்டரில் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேர்ம் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி அதன் கீழே ஆளை இறக்காதீர்கள்.

திருத்தினாலும் வாங்கினாலும், புதுச் சக்கரம் 300 மணி நேரம் அளவில் ஓடியதும் முதல் ஒயிலை வடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பெரும்போக அறுவடைக்கு முன் ஒரு தடவை, சிறுபோகத்துக்கு முன் ஒரு தடவை மாற்றினால் போதும். பிரீதரை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லி வையுங்கள்.