மாற்றாந்தாய் வந்த கதை

அன்புள்ள ஐயா,

சிறுவயதில் ரசித்த ரோல்ட் டாலின் ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ நூலை என் எட்டு வயது மகளுக்காக ஆங்கிலத்தில் வாங்கினேன். அதில் வரும் சாப்பாட்டுப் பிரியனான பையன் அகஸ்டஸ் க்ளூப்பை ‘ஃபேட்’ (குண்டு) என்று சொல்லும் இடத்தில் ‘எனார்மஸ்’ (மிகப் பெரிய) என்று இருந்தது. ஏமாற்றமாக இருந்தது. ஆனால் என் மகளையே வகுப்பில் ‘குண்டு’ என்று கேலி செய்கிறார்கள். மாற்றியது நல்லதுதானோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டாலின் நூல்களில் பஃபின் பதிப்பகம் செய்த இந்தத் திருத்தங்கள் 2023 பிப்ரவரியில் வெளியே தெரிந்தபோது எழுத்தாளர் சல்மான் ருஷ்டி உட்படப் பலர் கொதித்தார்கள். சில நாட்களிலேயே, பழைய வடிவமும் தனியாகக் கிடைக்கும் என்று பதிப்பகம் இறங்கிவந்தது.

‘ஃபேட்’ போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. போனதால் பெரிய பயனும் இல்லை. சாக்லேட் ஆற்றில் விழுந்து குழாயில் சிக்குவது இப்போதும் அதே பையன்தான். கேலி கதைக்குள்ளேயே இருக்கிறது, ஒரு சொல்லைப் பிடுங்கினால் போய்விடாது.

என்னை உறுத்தியது டாலின் ‘தி விட்சஸ்’ நாவலில் செய்த வேலை. சூனியக்காரிகளுக்குத் தலை வழுக்கை, விக் வைத்து மறைப்பார்கள் என்று பாட்டி பேரனிடம் சொல்கிறாள். குழந்தைக்கு முதுகு சில்லிட வேண்டிய இடம். பெண்கள் விக் வைக்க வேறு காரணங்களும் உண்டு, அதில் தவறே இல்லை என்று புதிய பதிப்பில் பாட்டி சேர்த்துக்கொள்கிறாள். சிகிச்சையில் முடி இழந்தவர்களை நினைத்து எழுதியிருக்கலாம், நல்ல மனசுதான். ஆனால் கதை சொன்ன பாட்டி போய், அந்த இடத்தில் ஒரு டீச்சர் வந்து நிற்கிறார்.

சரி, மாற்றவே கூடாதா? டாலே மாற்றியிருக்கிறார். ‘சார்லி’யின் 1964 பதிப்பில், சாக்லேட் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பிக்மிகள், அதாவது குள்ளமான பழங்குடிகள். கண்டனம் வந்தது. 1973 பதிப்பில் அவர்களைக் கற்பனை இனமாக்கிவிட்டார். அவர் புத்தகம், அவர் பொறுப்பு. 1990இல் இறந்தவரின் வாக்கியத்தில் இன்னொருவர் கைவைத்துவிட்டு, அட்டையில் அவர் பெயரை மட்டும் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மொழியை அவ்வப்போது பரிசீலிக்கிறோம் என்று உள்ளே சின்னதாக ஒரு குறிப்பு உண்டு. எதை மாற்றினோம் என்பது அதில் இல்லை.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்ஸல், கிரெட்டலைக் காட்டில் விடச் சொல்லும் தாய்க்கும் 1840இல் அதே கதி. தாய்மைக்குக் களங்கம் வேண்டாமென்று செய்த திருத்தம் என்பார்கள். அந்தக் காலத்துக்கு அது பண்பட்ட காரியம். பெற்ற அம்மா தப்பித்துக்கொண்டாள். இன்றுவரை மாட்டிக்கொண்டு முழிப்பவள் மாற்றாந்தாய். இன்றைய திருத்தம் நாளை யார் தலையில் விடியுமோ!

உங்கள் மகளுக்கு வருவோம். வாங்கிய புத்தகத்தையே படித்துக் காட்டுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது நானும் சில சொற்களை விழுங்கியிருக்கிறேன், எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துச் செய்வது அது. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பழைய பதிப்பின் அதே பக்கத்தைக் காட்டலாம். அவளைக் கேலி செய்யும் பிள்ளைகள் எப்படியும் டாலைப் படித்துக் கற்றவர்கள் இல்லை.

அப்புறம், க்ளூப் குழாயில் சிக்கும்போது அவள் சிரித்தாளா, இல்லையா என்று எழுதுங்கள்.