மகளின் ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டுத் தூக்கம் தொலைத்த அப்பாவுக்கு

ஐயா, வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்த மகள் 'உலோக நானோ வினையூக்கி' என்று சொல்லி பிஎச்.டி. சேரப் போகிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

வீட்டில் வனஸ்பதி டப்பா இருந்த காலம் நினைவிருக்கும். நிக்கல் தூளோடு ஹைட்ரஜனைச் செலுத்தித்தான் எண்ணெயைக் கெட்டியாக்கினார்கள். அந்த நிக்கல்தான் வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள். நுண்ணிய உலோகத்தால் ஹைட்ரஜனேற்றும் முறைக்காக பால் சபாட்டியே 1912-இல் நோபல் பரிசு பெற்றார். பாராசிட்டமாலுக்கு வேண்டிய அமினோபீனாலையும் இந்த வழியில் எடுக்கிறார்கள். ஆக, இது நேற்று முளைத்த துறை இல்லை.

ஆனால் பழைய நிக்கல் முறைக்கு வேண்டிய அதிக அழுத்தமும் சூடும் செலவு, ஆபத்து. அதைவிடத் திறமையாக வேலை செய்யும் பலேடியம் என்ற உலோகமோ விலை அதிகம். அதைச் சில நானோமீட்டர் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) துகளாக்கினால் மேற்பரப்பு பெருகும். பல வினைகளுக்கு அறை வெப்பத்தில் ஒரு பலூன் ஹைட்ரஜனே போதும். ஆனால் அவ்வளவு சின்னத் துகளை வடிகட்டி எடுப்பது பெரும்பாடு. அதனால் காந்த இரும்பு ஆக்சைடின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். வினை முடிந்ததும் குடுவையின் வெளியே காந்தத்தை வைத்தால், கறுப்புத் தூள் முழுக்க அந்தப் பக்கச் சுவரில் போய் ஒட்டும். கலங்கிய திரவம் தெளிந்துவிடும். அதை ஊற்றி எடுத்துவிட்டு, அதே தூளில் அடுத்த வினையைத் தொடங்கலாம்.

ஐந்தாவது முறையும் அது அதே வேகத்தில் வேலை செய்கிறதா? துகள்கள் ஒன்றோடொன்று திரளலாம், உலோகம் கரைந்து திரவத்தில் கலக்கலாம். வாய்வழி மருந்தில் பலேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டு வரம்பு. மருந்து கம்பெனிக்காரர்கள் கவலைப்படுவது இதற்காகத்தான்.

அதனால் தலைப்பைவிட ஆய்வகத்தைப் பாருங்கள். உயர் அழுத்தக் கலன் இருக்கிறதா? வினை பாதியில் இருக்கும்போது வினையூக்கியை வடிகட்டிவிட்டு, அதற்கப்புறமும் வினை ஓடுகிறதா, அதாவது உலோகம் திரவத்தில் கரைந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்களா? நைட்ரோபீனால் என்ற சேர்மத்தின் மஞ்சள் நிறம் போரோஹைட்ரைடு என்ற வேதிப்பொருளால் மறையும் எளிய சோதனையை மட்டும் காட்டிக் கட்டுரை எழுதும் ஆய்வகங்களும் உண்டு. பழகுவதற்கு அது சரி, ஐந்து வருடத்துக்குப் போதாது. வடிதாளில் காய்ந்த பலேடியம் கார்பன் (பலேடியம் ஏற்றிய கரித்தூள்) தானாகவே தீப்பிடிக்கும், அதை ஈரமாகவே வைக்க வேண்டும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்த பிள்ளையை மருந்து கம்பெனிகளின் ப்ராசஸ் டெவலப்மென்ட் (தயாரிப்பு முறையை உருவாக்கும்) பிரிவில் தேடி எடுப்பார்கள்.

பணம்? நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஐ.ஐ.டி. மெட்ராஸின் வினையூக்க ஆய்வு மையம், புனே என்.சி.எல். (தேசிய வேதியியல் ஆய்வகம்), ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி. (இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) மூன்றையும் அவள் பார்க்கட்டும்.

சேரும் முன் ஒருநாள் ஆய்வகத்துக்குப் போய் சீனியர் மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள், ஆனால் வெளியே டீக்கடையில் இருங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.