நீக்கிவிட்ட மூன்று பத்திகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். அம்மா தையல் வேலை செய்து என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். தையல் இயந்திரத்தின் மிதியில் கால் வைப்பதற்கு முன் அம்மா சற்று நேரம் கண்ணை மூடிப் பிரார்த்திப்பார். அதைப் பார்த்தே வளர்ந்ததால், எழுதிய நிரலை இயக்குவதற்கு முன் நானும் கண்ணை மூடிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு பயிற்சிப் பணிக்கான விண்ணப்பத்தில் 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்று கேட்டிருந்தார்கள். அம்மாவின் உழைப்பு, என் இறைநம்பிக்கை, நான் வாசிக்கும் புல்லாங்குழல் என்று மூன்று பத்திகள் எழுதினேன். படித்துப் பார்த்த அறைத்தோழன், "கண்ணை மூடினால் நிரலில் உள்ள பிழை போய்விடுமா? தர்க்கம் படிக்கிறவன் இதையெல்லாம் எழுதலாமா?" என்று சிரித்தான். மூன்றையும் நீக்கிவிட்டு, எனக்குத் தெரிந்த நிரல்மொழிகளை மட்டும் எழுதி அனுப்பினேன். அன்று முதல் கண்ணை மூடினால் அவன் சிரிப்புதான் கேட்கிறது. குழலைத் தொட்டால் நேரத்தை வீணாக்குகிறோமே என்ற குற்ற உணர்வு வருகிறது. அம்மாவிடம் பேசவும் கூச்சமாக இருக்கிறது. அறிவியல் படிப்பவனுக்கு நம்பிக்கை இருப்பது முரண்பாடா?

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டிருப்பது அறிவியலையும் நம்பிக்கையையும் பற்றி. என் மனத்தில் தைத்ததோ அதற்கு முந்தைய வரி. அம்மாவிடம் பேசக் கூசுகிறவரை வாட்டுவது தத்துவச் சிக்கல் அன்று, வெட்கம்.

இருந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நிரல்நெறிகளின் (கணினி ஒரு வேலையைச் செய்யும் படிப்படியான வழிமுறைகளின்) பகுப்பாய்வுக்காக, கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை 1974-இல் பெற்ற டொனால்ட் நூத், விவிலியத்தின் பெரும்பாலான நூல்களிலும் மூன்றாம் அதிகாரத்தின் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்து 1991-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெருந்தொகுதியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கும் முறையையே தம் வேதத்தைப் படிக்கவும் கையாண்டார். வீட்டில் குழாய் ஆர்கன் என்ற இசைக்கருவி ஒன்றை அமைத்து வாசித்தும் வந்தார். இதனால் கடவுள் உண்டென்று நிரூபணமாகிவிடாது. ஆனால் இரண்டும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இது போதும்.

உங்கள் தோழர் கேட்டதிலும் பாதி உண்மை இருக்கிறது: கண்ணை மூடினால் பிழை போகாது. உங்கள் அம்மாவும் துணி தானாகத் தைத்துக்கொள்ளும் என்று நினைத்துக் கண்ணை மூடவில்லை. பிரார்த்தித்த பிறகு ஊசியில் நூல் கோத்து, அளவைச் சரிபார்த்துத்தான் தைக்கிறார். நீங்களும் பிழைச் செய்தியை வரிவரியாகப் படித்துத்தானே திருத்துகிறீர்கள்? பிரார்த்தனையை வேலைக்குப் பதிலாக வைத்தால்தான் சிக்கல். வேலையின் வாசலில் வைத்தால் எந்தத் தர்க்கமும் மீறப்படுவதில்லை.

விண்ணப்பத்தில் வழிபாட்டைப் பற்றி எழுதாமல் விட்டது தவறில்லை. அங்கே அவர்கள் தேடுவது திறமையை. உறுத்துவது, நீக்கியதற்கான காரணம். தேவையில்லை என்று நீங்களே தீர்மானித்திருந்தால் மறுநாளே மறந்திருப்பீர்கள்; கேலிக்கு அஞ்சி நீக்கியதால், அம்மாவையே மறைத்துவிட்டதுபோல் மனம் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. நாளை உங்கள் நம்பிக்கை மாறவும் கூடும். படித்து, விவாதித்து, நீங்களாக யோசித்து மாறினால் அதை மதிக்கிறேன். ஒருவர் சிரித்தார் என்பதற்காக மட்டும் மாற வேண்டாம். அந்தச் சிரிப்பு புண்படுத்தியது என்று அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள், அவருக்கு அது தெரிந்திருக்காது.

குழலுக்கு நாளும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1947-இல் ஒரு மாரத்தானை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தவர். வேலையின் அழுத்தத்தை மனத்திலிருந்து இறக்கவே ஓடுவதாகச் சொன்னவர். நிரல் நன்றாக வரும் என்று சொல்லி நீங்கள் குழலை நியாயப்படுத்தக்கூட வேண்டியதில்லை. பிடித்திருக்கிறது என்பதே போதும். இவ்வளவுக்குப் பிறகும் குற்ற உணர்வு தணியாமல் தூக்கமும் பசியும் கெட்டால், ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள்.

நீக்கிய பத்திகளின் பிரதி இன்னும் கணினியில் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றிரவு அம்மாவை அழைத்து, முதல் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.