வழிகாட்டி மதிப்பில் கணக்கு முடிக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் மனமொத்துப் பிரிகிறோம். காரைக்குடியில் இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டை அவரே வைத்துக்கொண்டு, வழிகாட்டி மதிப்பில் என் பாதியைத் தருவதாகச் சொல்கிறார். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. கானாடுகாத்தானில் உள்ள அவர்களுடைய பூர்வீக வீட்டையும் மதிப்பிட்டு அவர் பங்கில் பாதி கேட்கலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: பூர்வீக வீட்டில் பங்கு கேட்க முடியாது. விவாகரத்தானால் கணவர் சொத்தில் மனைவிக்குப் பாதி என்று இந்துத் திருமணச் சட்டம் சொல்லவில்லை. அந்த வளவு வீடு, அதாவது செட்டிநாட்டுப் பொது வீடு, எத்தனை புள்ளிகளுக்கு, அதாவது தனிக் குடும்பங்களுக்கு, பொது என்பதே பல இடங்களில் தீராத வழக்கு. அதில் ஒரு புள்ளியின் பங்கை நல்ல விலை கொடுத்து வாங்க வெளியார் வர மாட்டார்கள். மதிப்பீட்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஆனால் அந்தப் பங்கைப் பேச்சிலிருந்து விட்டுவிடவும் வேண்டாம். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது கணவரின் வருமானத்தோடு சொத்தையும் நீதிமன்றம் பார்க்கும். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சமரசமாகப் பேசினாலும் அதே விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். கல்யாணத்தில் உங்கள் வீட்டார் வைத்த வைரமும் வெள்ளிச் சாமான்களும் அந்த வீட்டு அறையில் பூட்டிக் கிடந்தால், அவை முழுக்க உங்களுடையவை. சாமான் எழுதிய சிட்டையைத் தேடி எடுங்கள்.

இனி காரைக்குடி வீடு. வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக்காகப் பதிவுத் துறை நிலத்துக்கு வைக்கும் விலை. நீங்கள் மாடி எடுத்திருந்தாலும் பழைய தேக்கு நிலைக்கதவு வாங்கி வைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. எனவே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை இருவரும் சேர்ந்து அமர்த்துங்கள். அவர் அறிக்கையில் சந்தை மதிப்பு, கட்டாய விற்பனை மதிப்பு (அவசரமாக விற்றால் கிடைக்கும் விலை) என்று வெவ்வேறு தொகைகள் இருக்கலாம். குறைந்ததைக் கணவர் காட்டினால் ஏமாறாதீர்கள். உங்களுக்கு உரியது சந்தை மதிப்பு. அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, சந்தை மதிப்பு 80 லட்சம், கடன் பாக்கி 20 லட்சம் என்றால் உங்கள் பாதி 30 லட்சம். வழிகாட்டி மதிப்பில் அதுவே 50 லட்சமானால் 15 லட்சம்தான். அவர் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று இப்போது புரியும். ‘தவணை எல்லாம் நானே கட்டினேன்’ என்ற வாதமும் வரலாம். உங்கள் கணக்கிலிருந்து போன தொகைகளுக்கு வங்கி அறிக்கை எடுத்து வையுங்கள். ஒத்துவராவிட்டால் குடும்ப நீதிமன்றத்தில் சொத்து வழக்குப் போட்டு, மதிப்பிட ஆணையரை நியமிக்கக் கோரலாம். அது காலம் இழுக்கும்.

பேச்சு முடிந்தால் தொகையையும் தேதியையும் 13பி மனுவிலேயே, அதாவது மனமொத்த விவாகரத்துக்கான மனுவிலேயே, எழுதுங்கள். கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்கி வங்கி கடிதம் தர வேண்டும்; நீங்கள் பிரிந்துவிட்டீர்கள் என்பதற்காக வங்கி உங்களை விடாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை இறுதித் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்யுங்கள். தீர்ப்பு வந்துவிட்டால் அவர் உங்கள் குடும்ப உறுப்பினர் அல்லர். குடும்பத்தாருக்கான தீர்வைச் சலுகை போய்விடும். பதிவு நாளன்று வங்கி வரைவோலை கைக்கு வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.