முழங்கால் வலி உள்ள தாத்தா, நாலு வயதுப் பேரன்: சிங்கப்பூரில் ஐந்து நாள் என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: மதுரையிலிருந்து டிசம்பர் விடுமுறையில் ஆறு பேர் சிங்கப்பூர் வருகிறார்கள். கணவன், மனைவி, ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், கூடவே தாத்தா பாட்டி. தாத்தாவுக்கு முழங்கால் வலி. பாட்டி சுத்த சைவம். ஐந்து நாளில் எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி என்ன செய்யலாம், பணத்தை எதில் போடலாம்?

நான் சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருக்கிறேன். டிசம்பர் வந்தாலே ஊரிலிருந்து யாராவது ஒரு சொந்தம் எங்கள் வீட்டில் இருக்கும். அப்படி வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுதான். ஒரு நாளைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் ஒன்று போதும். இரண்டாவது வேண்டாம்.

டூர் கம்பெனிகள் அனுப்பும் திட்டத்தைப் பாருங்கள். காலையில் விலங்குத் தோட்டம், மதியம் செந்தோசா தீவு, இரவு நைட் சஃபாரி என்று ஒரே நாளில் அடைத்திருப்பார்கள். இளவட்டங்கள் தாங்கிவிடுவார்கள். உங்கள் அப்பாவும் நாலு வயதுப் பையனும் தாங்க மாட்டார்கள். இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும். டிசம்பரில் அதோடு மழையும் சேரும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஓர் இடம், அப்புறம் சாப்பாடு, ரூமுக்கு வந்து ஒரு தூக்கம், ஐந்தரைக்கு மேல் மறுபடி வெளியே. இந்த ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் இருட்டும். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய நல்ல காட்சிகள் பல அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன. அதில் பாதிக்குக் காசே கிடையாது.

தங்குமிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பாதிக் கவலை தீர்ந்துவிடும். லிட்டில் இந்தியாவை இங்கே நாங்கள் தேக்கா என்போம். அங்குள்ள எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ரூம் போடுங்கள். அங்கே இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. டௌன்டவுன் பாதையில் ஏறினால் மாறாமலே பேஃப்ரண்ட் நிலையம், அதாவது மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலும் கரையோரப் பூந்தோட்டங்களும் (கார்டன்ஸ் பை த பே). வடகிழக்குப் பாதையில் ஏறினால் மாறாமலே ஹார்பர்ஃப்ரண்ட், அதாவது செந்தோசா வாசல். எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு, அதனால் முழங்கால் வலிக்கு நல்லது. இரண்டு பாதைகளிலும் ஓடுவது ஓட்டுநர் இல்லாத ரயில்கள். பையனை முதல் பெட்டியின் முன் கண்ணாடிக்குக் கூட்டிப் போங்கள். சுரங்கம் இருட்டாக முன்னே விரியும், தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும், அது மெல்லப் பெரிதாகி நிலையமாக மாறும். என் அக்கா பையன் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

பாட்டியின் சாப்பாட்டுக்கும் தேக்காதான் வசதி. கோமள விலாஸ் 1947லிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கிறது. அதைத் தவிரவும் சைவக் கடைகள் நிறைய. வெளியே உணவங்காடி நிலையங்களில் சாப்பிட நேர்ந்தால் சீனச் சைவக் கடைகளும் இருக்கும். அங்கே இறைச்சி மாதிரியே தெரிவது பெரும்பாலும் சோயாவில் செய்ததுதான். ஆனால் முட்டை, பூண்டு, வெங்காயம் பற்றிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும், இது 2021லிருந்து சட்டம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆளுக்கொரு காலி பாட்டில் கையில் இருந்தால் ஆறு பேருக்குத் தண்ணீர்ச் செலவு மிச்சம்.

இனி முதல் நாள் மாலை. சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் பிளக்கிற ஓர் இடம் இந்த ஊரில் இருக்கிறதென்றால் அது கரையோரப் பூந்தோட்டங்களின் சூப்பர்ட்ரீ தோப்புதான். 25 முதல் 50 மீட்டர் வரை உயரமான செயற்கை மரங்கள், அவற்றின் உடம்பெல்லாம் நிஜச் செடிகள். இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு ஒளிக்காட்சி நடக்கும். சுமார் கால் மணி நேரம், கட்டணம் இல்லை. ஏழேகாலுக்கே போய் இடம் பிடியுங்கள். ஒரு விரிப்பு கொண்டுபோங்கள். இதை நின்றுகொண்டு பார்ப்பதைவிடத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் சரி. தலைக்கு மேல் கிளைகள் நிறம் மாற மாற, பக்கத்தில் படுத்திருக்கிற யார் எவர் என்று பார்க்காமல் பிள்ளைகள் கத்துவார்கள். தாத்தாவுக்குச் சாய்ந்து உட்கார இடம் பார்த்துவையுங்கள். முடிந்ததும் அவசரப்படாமல் பாலத்தைத் தாண்டி மரினா பே சாண்ட்ஸ் வழியாக மறுபக்கம் நீர்க்கரைக்கு வந்தால் ஒன்பது மணிக்கு ஸ்பெக்ட்ரா என்ற நீர், ஒளிக் காட்சி. அதுவும் இலவசம். இரண்டுக்கும் இடையில் தாராளமாக நேரம் இருக்கிறது, கழிவறை, ஐஸ்கிரீம் எல்லாம் அதற்குள் முடியும்.

மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தில் சூதாட்டக்கூடம் இருக்கிறதே, பிள்ளைகளோடு போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அதற்குள் விடவே மாட்டார்கள், வாசலில் கண்டிப்பாகச் சோதிப்பார்கள். மற்றபடி கடைகள், நடைபாதை, நீர்க்கரை எல்லாம் குடும்பங்கள் புழங்கும் இடங்கள்.

பூந்தோட்டங்களில் டிக்கெட்டுக்குப் பணம் போடுவதென்றால் கிளவுட் ஃபாரஸ்ட்டுக்குப் போடுங்கள். கண்ணாடிக் கூடாரத்துக்குள் 35 மீட்டர் அருவி, உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மழை கொட்டும் மதியத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. லிஃப்டில் மேலே போய்ச் சரிவுப் பாதையில் மெதுவாக இறங்கி வரலாம். பிள்ளைகளுக்குப் பூந்தோட்டங்களிலேயே தண்ணீர் விளையாட்டோடு ஒரு குழந்தைகள் பூங்கா இருக்கிறது, இலவசம், மாற்றுத் துணி எடுத்துப்போங்கள். அந்தப் பூங்கா திங்கட்கிழமை மூடியிருக்கும். தாவரவியல் பூங்காவில் உள்ள ஜேக்கப் பல்லாஸ் குழந்தைகள் தோட்டமும் திங்களன்று விடுமுறை. திட்டம் போடும்போது திங்களை ஒதுக்கிவைத்துப் பாருங்கள்.

அடுத்து மண்டாய். இங்கேதான் வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் விலங்குத் தோட்டம், ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி, 2023இல் வந்த பேர்ட் பாரடைஸ் பறவைப் பூங்கா என்று எல்லாமே ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினால் மலிவு என்று விளம்பரம் கண்ணை இழுக்கும். உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை ரிவர் வொண்டர்ஸ் ஒன்று. ஒருநாள் விட்டு வேறொரு நாள் நைட் சஃபாரி.

ரிவர் வொண்டர்ஸை ஏன் சொல்கிறேன்? விலங்குத் தோட்டத்தைவிடச் சிறியது, நடை குறைவு, பல இடங்களில் தலைக்கு மேல் கூரை உண்டு. கை கை, ஜியா ஜியா என்ற இரண்டு பாண்டாக்கள் குளிரூட்டிய கூடத்தில் மூங்கில் தின்பதைப் பார்க்கலாம். ஆனால் எனக்கு அங்கே எல்லாவற்றையும்விடப் பிடித்தது அமேசான் வெள்ளக்காட்டுத் தொட்டி. சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மானட்டிகள், சாம்பல் நிறத்தில், ஓர் எருமையின் பருமனில் அலட்டிக்கொள்ளாமல் மிதந்து வரும். கீரையை இரண்டு துடுப்புக் கைகளால் வாய்க்குத் தள்ளிக்கொள்ளும் அழகைப் பார்க்க வேண்டும். நம் பாக் நீரிணையில் இருக்கிற கடற்பசுவான ஆவுளியாவுக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். மகளிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள், நம்ம ராமநாதபுரம் கடலிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று. கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். தாத்தா அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம்.

நைட் சஃபாரி 1994இல் திறந்தது, இரவில் உலவும் விலங்குகளுக்கென்றே அமைந்த உலகின் முதல் பூங்கா. முதல் நுழைவு நேரமான 7.15க்குப் பதிவு செய்யுங்கள், தாமதித்தால் பையன் தூங்கிவிடுவான். டிராமில் உட்கார்ந்தபடியே சுமார் 40 நிமிடம் சுற்றலாம் என்பதால் முழங்காலுக்குத் தொல்லை இல்லை. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, விலங்குகளின் கண் கூசும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று பகலில் வேறெதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். மண்டாய்க்குக் காத்திப் எம்ஆர்டி நிலையத்திலிருந்து இணைப்புப் பேருந்து ஓடுகிறது.

செந்தோசாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், ஆனால் குடும்பத்தை அன்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவின் டிக்கெட் விலை அதிகம். பெரிய சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, நாலு வயதுப் பையனைப் பலவற்றில் ஏற்ற மாட்டார்கள். தாத்தா பாட்டி வெயிலில் நின்று காத்திருப்பதற்கு அவ்வளவு பணம் கொடுப்பது நியாயமே இல்லை. உங்களில் ஒருவர் மகளோடு யூனிவர்சல் போகட்டும். இன்னொருவர் மற்றவர்களோடு பக்கத்திலேயே உள்ள சிங்கப்பூர் ஓஷனேரியத்துக்குப் போகட்டும். முன்பு எஸ்இஏ அக்வேரியம் என்று இருந்ததுதான், 2025இல் விரிவாக்கிப் புதுப் பெயரில் திறந்தார்கள். முழுக்க உள்ளரங்கம், மழைக் கவலை இல்லை. மாலையில் எல்லோரும் பலவான் கடற்கரையில் சேர்ந்துகொள்ளலாம். தீவுக்குள் ஓடும் பேருந்துகளுக்கும் கடற்கரை வண்டிக்கும் காசு இல்லை. இடிமின்னல் எச்சரிக்கை ஒலித்தால் உடனே கரையேறிவிடுங்கள், இங்கே மின்னல் கடுமையாக இருக்கும்.

தேக்காவை வெறும் தங்குமிடமாக விட்டுவிடாதீர்கள். ஒரு காலைப்பொழுது அதற்கே கொடுங்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் பாட்டி நிம்மதியாகக் கும்பிடட்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சீக்கிரம் கிளம்புங்கள். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டு வாசற்கதவு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள், நிலையில் நுணுக்கமான செதுக்கல்கள். நம் ஆட்கள் இங்கே எப்படி வந்தார்கள், என்னென்ன வேலை செய்தார்கள் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி காட்டுகிறது. இந்த ஊரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதை ரயில் அறிவிப்பிலும் பலகைகளிலும் மகள் தானே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். ஞாயிறு மாலையில் மட்டும் தேக்கா நெரியும். வாரம் முழுக்க உழைக்கிற நம் தொழிலாளர் தம்பிகள் நண்பர்களைப் பார்க்கவும் சாமான் வாங்கவும் கூடும் நேரம் அது. தாத்தாவோடு நடக்க வேறு நாள் பாருங்கள்.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையை ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் போதும். சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம் 165 மீட்டர் உயரம், காட்சி அருமைதான். ஆனால் ஆறு பேருக்குப் போடுகிற காசுக்கு மரினா அணைக்கட்டின் புல்தரை மாடியில் சாயங்காலம் பட்டம் விட்டுக்கொண்டே அதே நகரத்தைப் பார்க்கலாம் என்பேன்.

போக்குவரத்தில் ஒன்றிரண்டு விஷயம். ரயிலிலும் பேருந்திலும் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். 0.9 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ரயிலுக்குள் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது, பையன் கையில் பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். கிராப் மாதிரித் தனியார் வாடகைக் காரில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம், அதற்கென்று உள்ள வண்டியைத்தான் பதிய வேண்டும். சாதாரண டாக்சிக்கு அந்த விதி இல்லை. ஆறு பேருக்கு ஒரே வண்டி என்றால் பெரிய டாக்சி கேளுங்கள்.

கடைசி நாளை சாங்கி விமான நிலையத்தின் ஜூவல் வளாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூரையிலிருந்து 40 மீட்டர் கொட்டும் உள்ளரங்க அருவி அங்கே இருக்கிறது, இருட்டிய பிறகு ஒளிக்காட்சியும் உண்டு. இரவு விமானம் என்றால் நாலு மணி நேரம் முன்னதாகவே போய்விடலாம். முனையங்களுக்கு இடையே ஓடும் குட்டி ரயில் அருவிக்குப் பக்கத்திலேயே போகும், பையன் மறுபடி மறுபடி ஏறக் கேட்பான்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. எஸ்ஜி வருகை அட்டையை வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் ஆறு பேருக்கும் நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள். விசா தனி, அதை முன்னதாகவே எடுக்க வேண்டும். அப்பாவுக்கு விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். மதுரையில் ஏறும்போதும் இங்கே இறங்கும்போதும் நடை மிச்சமாகும், முதல் நாளே முழங்கால் வீங்காமல் இருக்கும்.