ஜன்னலைச் சாத்துவதற்கு முன்

வீடும் நாமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: குளிர்கால விடுமுறைக்கு மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லோரும் வருகிறார்கள். வீட்டில் எங்கே கை வைத்தாலும் தூசியும் சாமானும்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் அழகான அடுக்குப் பெட்டிகள் கொஞ்சம் வாங்கிவிடலாமா?

பதில்: பெட்டி வாங்கும் எண்ணத்தை முதலில் விடுங்கள். பெட்டி வந்துவிட்டால் வேண்டாத சாமானுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும், அப்புறம் அதை யார் கிளப்புவது? முதலில் கழித்துக் கட்டுங்கள், பிறகு சுத்தம் செய்யுங்கள். அடுக்குவது கடைசியில்தான். கழித்தது போக மிஞ்சியதைப் பார்த்தால், இருக்கிற பெட்டிகளே பாதி காலியாகத்தான் கிடக்கும்.

பரணையும் ஸ்டோர் ரூமையும் இப்போது தொடவே தொடாதீர்கள். அதைத் திறந்தால் நடு ஹாலில் மலைபோல் குவித்துவிட்டு, விருந்தாளிகள் வரும் நாளில் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தள்ளுவீர்கள். வருகிறவர்கள் புழங்கப்போவது வாசல், குளியலறை, அவர்கள் படுக்கும் அறை, சமையலறை. படுக்கும் அறையில் ஆரம்பியுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆண்டு முழுக்கப் போட்டுவைத்ததெல்லாம் அங்கேதான் இருக்கும்.

சமையலறையில் எனக்குப் பிடித்த வேலை பிளாஸ்டிக் டப்பாக்கள்தான். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, ஒவ்வொரு டப்பாவுக்கும் அதன் மூடியைப் போட்டுப் பாருங்கள். ஜோடி இல்லாத மூடி, விளிம்பு வளைந்து சரியாக மூடாத டப்பா, மஞ்சள் கறை ஊறிப்போனது, எல்லாம் வெளியே. உட்கார்ந்தபடி செய்யலாம், முடித்ததும் ஓர் அலமாரியே காலியாகும். அந்தத் தெம்பில் மற்றதும் நடக்கும்.

சுத்தம் செய்யும்போது மேலிருந்து கீழே வாருங்கள்: விளக்கு, ஃபேன், அலமாரி உச்சி, கடைசியில் தரை. ஈரத்துணியை உடனே எடுக்காதீர்கள். ஜன்னல் சட்டத்தின் பள்ளத்தில் தூசியும் செத்த பூச்சியும் அடைந்திருக்கும். அதில் தண்ணீர் பட்டால் சேறாகி மூலையில் அப்பிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷால் கிளறி, வேக்குவத்தால் இழுத்துவிட்டு, அப்புறம் ஈரத்துணி. கண்ணாடியை வெயில் நேராக விழும்போது துடைத்தால் தண்ணீர் சட்டென்று காய்ந்து கோடு கோடாக நிற்கும். மேகமூட்டமான நாள்தான் அதற்குத் தோது.

கேள்வி: கம்பளிச் சுவெட்டர்களை வெளியே எடுத்தால் ஆங்காங்கே ஓட்டை. பூச்சி உருண்டை போட்டு வைத்தால் போதுமா?

பதில்: பறக்கிற அந்தச் சின்னப் பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. கம்பளி, பட்டு, ரோமம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடத்தை முதலில் பிடிக்கும். அதனால் கழுத்துப்பட்டி, அக்குள், முன்கை, இந்த மூன்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஒரு முறைதானே போட்டேன் என்று துவைக்காமல் மடித்து வைத்ததுதான் பெரும்பாலும் மாட்டும்.

பூச்சி உருண்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜன்னல் மூடியிருக்கும் காலத்தில் அந்த நெடியை எல்லோரும் சுவாசிக்க வேண்டும். குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. சுவெட்டரைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முட்டை, புழு இரண்டும் சாகும். எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள். உள்ளே இருப்பது அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் கம்பளியில் ஈரம் கோத்துக்கொள்ளும். பீரோவின் அடி மூலைகளையும், கம்பளத்தில் சோபாவுக்கு அடியில் போகும் ஓரத்தையும் வேக்குவம் செய்யாவிட்டால் இவ்வளவும் வீண்.

கேள்வி: குளிர் ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. துடைக்கத் துடைக்க வருகிறது.

பதில்: துடைப்பதோடு விட்டால் வந்துகொண்டேதான் இருக்கும். சமைப்பது, குளிப்பது, அறைக்குள் துணி காயப்போடுவது, நாம் விடுகிற மூச்சு எல்லாமே காற்றில் ஈரத்தைச் சேர்க்கின்றன. வெதுவெதுப்பான அந்தக் காற்று குளிர்ந்த இடத்தில் பட்டால் நீராகிவிடும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டமும் கிடையாது. அதை நாலு விரற்கடையாவது முன்னால் நகர்த்துங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். குளிரோ இல்லையோ, தினமும் சில நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அந்தச் சில நிமிடத்தில் சுவர் ஆறிப்போகாது, ஈரக்காற்று மட்டும் வெளியேறும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று இருந்தால் நல்லது, 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். மெத்தையில் இருக்கும் தூசிப் பூச்சிக்கும் அந்த வறட்சி ஆகாது. படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் எந்தக் கறையும் போகும் என்கிறார்களே?

பதில்: நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று அமிலம், மற்றது காரம். கலந்ததும் ஒன்றை ஒன்று முறித்துவிடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புநீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்: குழாயில் படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர், தேய்த்துக் கழுவ சோடா. மார்பிள் மேல் மட்டும் வினிகர் படக்கூடாது, பளபளப்பு போய்விடும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்புவது விஷவாயு.

கேள்வி: ஹீட்டர் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஃபில்டரில் தூசி, புகைபோக்கியில் அடைப்பு. எரிபொருளில் ஓடும் ஹீட்டர் என்றால் அந்த வேலை தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்கான அலாரமும் புகை அலாரமும் ஒலிக்கின்றனவா என்று பட்டனை அழுத்திப் பாருங்கள். புகை அலாரம் பத்து வருடப் பழசு என்றால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் எதையும் தூக்கிப் போட விடுவதில்லை. "என்றைக்காவது வேண்டியிருக்கும்" என்கிறார். என்ன செய்ய?

பதில்: அவர் சாமானில் கை வைக்காதீர்கள். உங்கள் பீரோவை அவர் கண்முன்னே காலி செய்யுங்கள். அவருடைய பழைய சார்ஜர்களையும் வயர்களையும் ஒரே பெட்டியில் போட்டு, மேலே இன்றைய தேதியை எழுதி அவரிடமே கொடுங்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் பெட்டி அப்படியே இருந்தால், பேச வேண்டியது நீங்கள் அல்ல, அந்தத் தேதி. அப்படியும் மசியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அவரோடு நானே பேசுகிறேன்.