வயிற்று அமிலம் நுரையீரலுக்குள் போனால், சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் கூடுவது ஏன்?

அமிலம் சுடுவது பாதிதான். மீதியைச் செய்வது நம் உடலே. பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 2.5-க்குக் கீழான திரவம் காற்றுப்பைகளின் மெல்லிய சுவரைப் பட்டவுடன் அரிக்கும். அந்த அமிலம் சீக்கிரமே நீர்த்துப்போகும். ஆனால் அதற்குள் அங்கு காவல் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் உசுப்பப்பட்டுவிடும். அவை டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-8 போன்ற ரசாயனத் தூதர்களைச் சுரக்கும்.

இதில் இன்டர்லூகின்-8தான் ஆள் திரட்டுவது. ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் அதன் தடம் பிடித்து, ரத்தநாளச் சுவரில் ஒட்டி, இடுக்கு வழியே உள்ளே நுழைந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. பெரும்பாலும் கிருமியே இல்லாத இடத்தில்! சுவர் கசிந்து காற்றுப்பையில் நீர் தேங்குகிறது. எலிகளில் இந்த இரண்டாம் அலை சுமார் 4 மணி நேரத்துக்குப் பிறகே வலுத்தது.

ஆகவே, அமிலம் புரையேறியவர் முதல் மணி நேரத்தில் தெளிவாக இருந்தாலும் தயவுசெய்து மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே வையுங்கள்.